புகையை எண்ணுகிறார்கள், கிணற்றைத் தொடுவதில்லை

கேள்வி இதுதான்: நிலக்கரி, எண்ணெய், எரிவாயு மூன்றும்தான் பூமியைச் சூடாக்குகின்றன என்பது 30 வருடங்களுக்கு மேலாக எல்லா அரசுகளுக்கும் தெரியும். சூரிய மின்சாரமும் மலிவாகிவிட்டது. பிறகும் ஏன் எந்த நாடும் அவற்றை விடுவதாகத் தெரியவில்லை? சரி, ஒரு நாள் விட்டேவிட்டால், எண்ணெய்க்காக நடக்கும் சண்டைகள் ஓய்ந்துவிடுமா?

எண்ணெயை வெறும் எரிபொருளாகப் பார்த்தால் இந்தப் பிடிவாதம் புரியவே புரியாது. கப்பற்படை, நாணயம், கூட்டணி, அரசாங்கச் சம்பளம் என்று கடந்த 100 வருட அதிகாரம் முழுவதும் அதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. அதைக் கட்டுப்படுத்துவதற்காகப் போட்ட ஒப்பந்தங்களோ புகைபோக்கியில் வெளிவரும் புகையை மட்டும் எண்ணின. கிணற்றின் பக்கம் போகவே இல்லை. முதல் பாதிக் கேள்விக்கு என் பதில் இது. இரண்டாவது பாதிக்கு: சண்டை ஓயாது, ஆனால் அதன் தன்மை மாறும். அந்த மாற்றம் நாம் நினைப்பதைவிடப் பெரியது.

கொஞ்சம் பின்னால் போகலாம். முதல் உலகப் போருக்கு முன்பு பிரிட்டிஷ் கடற்படை நிலக்கரியில் ஓடியது. கப்பலுக்கு மிகவும் ஏற்ற நிலக்கரி வேல்ஸ் சுரங்கங்களில், அவர்கள் காலடியிலேயே கிடைத்தது. எண்ணெய் என்று சொல்லிக்கொள்ளும்படி அவர்கள் மண்ணில் எதுவும் இல்லை. அப்படியிருந்தும், 1911-ல் கடற்படைக்குப் பொறுப்பேற்ற வின்ஸ்டன் சர்ச்சில் போர்க்கப்பல்களை எண்ணெய்க்கு மாற்றும் வேலையை முடுக்கிவிட்டார். எண்ணெயில் ஓடும் கப்பல் வேகமாகப் போகும், நடுக்கடலிலேயே நிரப்பிக்கொள்ளலாம், உலையில் கரி அள்ளிப்போடப் பெரும் ஆள்படை வேண்டாம். இந்த வசதிக்காகச் சொந்த மண்ணின் எரிபொருளை விட்டு அடுத்தவர் மண்ணின் எரிபொருளைப் பிடித்தார்கள். அதனால் அந்த மண்ணையும் பிடித்துவைக்க வேண்டியதாயிற்று. 1914-ல், பெர்ஷியாவில் (இன்றைய ஈரான்) எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த ஆங்கிலோ-பெர்ஷியன் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை பிரிட்டிஷ் அரசே வாங்கியது. 1951-ல் ஈரான் பிரதமர் முகமது மொசாடெக் அந்த எண்ணெயை நாட்டுடைமையாக்கினார். 1953-ல் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு அமைப்புகள் சேர்ந்து அவரைக் கவிழ்த்தன. 1979-ல் ஈரானில் புரட்சியாக வெடித்த கோபத்துக்குள் அந்த 1953-ம் இருந்தது. கப்பலின் வேகத்துக்காக எடுத்த முடிவு, அதை எடுத்தவர்கள் போய்ச் சேர்ந்த பிறகும் வேலை செய்துகொண்டே இருந்தது.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடலாம். 1945 பிப்ரவரியில், இரண்டாம் உலகப் போர் முடிவதற்கு முன்பே, அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் சூயஸ் கால்வாயில் ஒரு போர்க்கப்பலில் சவுதி மன்னர் இப்னு சவூதைச் சந்தித்தார். எண்ணெய்க்குப் பாதுகாப்பு என்ற கொடுக்கல் வாங்கல் அங்கே வேர்பிடித்தது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டதும் ஒரு பீப்பாய் சில மாதங்களில் 3 டாலரிலிருந்து ஏறக்குறைய 12 டாலருக்குப் போனது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி அமெரிக்கக் கடன் பத்திரங்களுக்கே திரும்பி வர, டாலர் இன்னும் உறுதியானது. 1980 ஜனவரியில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் வெளிப்படையாகவே சொன்னார்: பாரசீக வளைகுடாவை வெளியார் யாராவது பிடிக்க முயன்றால், தேவைப்பட்டால் படை கொண்டு தடுப்போம். வெள்ளை மாளிகைக் கூரையில் சூரிய ஒளியில் தண்ணீர் காய்ச்சும் தகடுகளை வைத்தவரும் அதே கார்ட்டர்தான். இந்த இரட்டை முகத்தைப் பாசாங்கு என்று ஒதுக்கிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எண்ணெய்க்குள் மாட்டிக்கொண்ட எந்த அரசும் இப்படித்தான் இருக்கும்.

இனி ஒப்பந்தங்களுக்கு வருவோம். 1992-ல் ரியோவில் கையெழுத்தான ஐ.நா. காலநிலை மாற்ற உடன்படிக்கையில் புதைபடிவ எரிபொருள் என்ற சொல் வருகிறது. எப்படி வருகிறது என்பதுதான் விஷயம். அதைக் குறைக்க வேண்டும் என்று வரவில்லை. அதை எடுத்து, விற்று வாழும் நாடுகளுக்குத் தனிப்பட்ட சிரமங்கள் உண்டு, அவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று வருகிறது. நோய்க்கு எழுதிய மருந்துச் சீட்டில், கிருமிக்குச் சிரமம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியதைப் போல.

அதைவிட ஆழமாக வேலை செய்த விஷயம் ஒன்று உண்டு. யாரும் அதிகம் பேசுவதில்லை. இந்த உடன்படிக்கையின் கீழ் வருடாவருடம் நடக்கும் மாநாடுகளில் வாக்கெடுப்புக்கான விதியே கிடையாது. 1995-ல் நடந்த முதல் மாநாட்டிலேயே அந்த விதியை ஏற்றிருக்க வேண்டும். சவுதி அரேபியாவும் மற்ற எண்ணெய் ஏற்றுமதி நாடுகளும் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் இன்றுவரை எல்லா முடிவும் ஒருமித்த கருத்தோடுதான் எடுக்கப்பட வேண்டும். ஏறக்குறைய 200 தரப்புகள் உட்காரும் அறையில், வேண்டாம் என்பவர் ஒரு சிலர் இருந்தாலே போதும், வாசகம் நீர்த்துப்போகும். ஒவ்வொரு வருடமும் கடைசி இரவில் ஒரு சொல்லுக்காக விடிய விடிய இழுபறி நடப்பது இதனால்தான். 2021-ல் கிளாஸ்கோவில் நிலக்கரியைப் 'படிப்படியாக ஒழித்தல்' என்று இருந்த சொல், கடைசி நேரத்தில் இந்தியாவும் சீனாவும் அழுத்தியதில் 'படிப்படியாகக் குறைத்தல்' என்று ஆனது.

2015 பாரிஸ் ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முழுவதும் படித்துப் பார்த்தால் நிலக்கரி, எண்ணெய், புதைபடிவ எரிபொருள் என்ற சொற்கள் ஒரு இடத்திலும் வராது. 'உமிழ்வு' மட்டும் வரும். எரிப்பவர் குறைத்துக்கொள்ள வேண்டும், எடுப்பவர் எடுத்துக்கொண்டே இருக்கலாம். புதைபடிவ எரிபொருட்களிலிருந்து விலகிச் செல்வது என்ற வாசகம் மாநாட்டு முடிவில் முதல்முறை இடம்பெற்றது 2023-ல். அதுவும் துபாயில், அபுதாபி தேசிய எண்ணெய் நிறுவனத்தின் தலைவர் சுல்தான் அல் ஜாபர் தலைமை தாங்கிய மாநாட்டில். அதே வருடம் அமெரிக்கா எடுத்த கச்சா எண்ணெய், எந்த நாடும் எந்த வருடத்திலும் எடுக்காத அளவு: ஒரு நாளைக்குச் சுமார் 1.29 கோடி பீப்பாய்.

காற்றில் கரியமில வாயு 1992-ல் பத்து லட்சத்தில் சுமார் 356 பங்கு இருந்தது. 2024-ல் சுமார் 424. பேச்சுவார்த்தை நடந்த காலம் முழுவதும் கோடு மேலேயே போயிருக்கிறது.

அமெரிக்காவை நம்ப முடியாது என்பது தனிக் கதை. 1997-ல் உமிழ்வைக் குறைப்பதற்கான கியோட்டோ நெறிமுறை கையெழுத்தாவதற்குச் சில மாதங்கள் முன்பே, வளரும் நாடுகளுக்குக் கட்டுப்பாடு இல்லாத எந்த ஒப்பந்தத்திலும் சேரக்கூடாது என்று அமெரிக்க செனட் 95-க்கு 0 என்று தீர்மானம் போட்டது. ஒருவர்கூட எதிர்க்கவில்லை, இரண்டு கட்சியிலும். பாரிஸ் ஒப்பந்தத்திலோ 2020-ல் வெளியே, 2021-ல் உள்ளே, 2025 ஜனவரியில் மறுபடியும் வெளியேறும் ஆணை.

யார் குற்றவாளி என்ற வழக்கில் இரண்டு பக்கமும் பாதி உண்மையை மட்டுமே பேசுகின்றன. இன்று வருடாந்திர உமிழ்வில் சீனாவின் பங்கு சுமார் 30 சதவீதம். அமெரிக்காவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். தொழிற்புரட்சியிலிருந்து சேர்த்துக் கணக்கிட்டால் அமெரிக்கா மட்டும் ஏறக்குறைய கால் பங்கு. தலைக்குக் கணக்கிட்டால் வருடத்துக்கு அமெரிக்கர் ஒருவருக்கு ஏறத்தாழ 14 டன், சீனருக்கு 8-க்கு மேல், இந்தியருக்கு 2 சொச்சம். காற்றில் போன கரியமில வாயுவில் கணிசமான பகுதி நூற்றாண்டுகள் தங்குவதால், பழைய கணக்கைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று பணக்கார நாடுகள் கேட்பது நியாயமில்லை. ஆனால் உலக நிலக்கரியில் பாதிக்கு மேல் எரிக்கும் சீனா இன்னும் வளரும் நாடு என்ற அட்டையை நீட்டுவதும் கேட்கச் சங்கடமாகவே இருக்கிறது. காலநிலைச் செலவுக்காக வளரும் நாடுகளுக்கு, 2009-ல் வளர்ந்த நாடுகள் 2020-க்குள் வருடத்துக்கு 10,000 கோடி டாலர் தருவதாக வாக்களித்தன. அந்தத் தொகையை எட்டியது 2022-ல்தான். 2024-ல் அஜர்பைஜானின் பாகுவில் நடந்த மாநாட்டில் 2035-க்குள் வருடத்துக்கு 30,000 கோடி டாலர் என்று முடிவானது. ஏழை நாடுகள் கேட்டது 1.3 லட்சம் கோடி டாலர்.

இதையெல்லாம்விட நன்றாகப் பாடம் சொன்ன வருடம் 2022. அதில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

அதற்கு முந்தைய வருடம் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் சுமார் 45 சதவீதம் ரஷ்யாவிலிருந்து வந்தது. இது ஒரே நாளில் வந்த சார்பு இல்லை. 1980களின் தொடக்கத்தில் சைபீரியக் குழாய்த் திட்டத்தை நிறுத்த அமெரிக்க அதிபர் ரீகன் தடையெல்லாம் போட்டுப் பார்த்தார். ஐரோப்பியக் கூட்டாளிகளே கேட்கவில்லை. வியாபாரம் வளர்ந்தால் பகை குறையும் என்பது அவர்கள் நம்பிக்கை. உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யா குழாயை இறுக்கியது. ஐரோப்பா கப்பலில் வரும் திரவ எரிவாயுவை என்ன விலைக்கும் வாங்கத் தயாரானது. ஜெர்மனி மூடிவைத்த நிலக்கரி நிலையங்களைத் திறந்தது. ஒரு திரவ எரிவாயு முனையத்தை 200 நாட்களுக்குள் கட்டி முடித்தது. வேண்டும் என்று நினைத்தால் ஒரு அரசு எவ்வளவு வேகமாக ஓட முடியும் என்பது அப்போது தெரிந்தது.

அந்தக் கப்பல்கள் எங்கிருந்தோ திரும்பித்தானே வந்திருக்க வேண்டும்? விலை ஏறியதும் பாகிஸ்தான், வங்கதேசம் போன்ற நாடுகளுக்குப் போக வேண்டியவை ஐரோப்பாவுக்குத் திரும்பின. பாகிஸ்தான் எரிவாயு கேட்டு விட்ட டெண்டருக்கு யாருமே விலை சொல்லாத நிலை வந்தது. மின்வெட்டு நீண்டது. அதே கோடையில்தான் அந்த நாட்டை வெள்ளமும் மூழ்கடித்தது: 3.3 கோடி மக்கள் பாதிப்பு, 1,700 பேருக்கு மேல் மரணம், சுமார் 3,000 கோடி டாலர் இழப்பும் சேதமும். உலக உமிழ்வில் அந்த நாட்டின் பங்கு 1 சதவீதம்கூட இல்லை. பிறர் எரித்ததால் மழையும் மிஞ்சியது, பிறர் வாங்கியதால் வாயுவும் கிடைக்கவில்லை.

ரஷ்யா மேல் போட்ட தடையையும் கவனியுங்கள். 2022 டிசம்பரில் ஜி-7 நாடுகள் ரஷ்ய எண்ணெய்க்கு 60 டாலர் உச்ச விலை வைத்தன. விற்காதே என்று சொல்லவில்லை. இதற்கு மேல் விற்காதே என்றார்கள். போர் நடத்தும் எதிரியின் எண்ணெயைக்கூடச் சந்தையிலிருந்து எடுத்துவிட முடியாது, எடுத்தால் சொந்த நாட்டில் பெட்ரோல் விலை ஏறி ஆட்சி போய்விடும். அவர்கள் பயத்துக்குக் காரணம் இருந்தது. பிரான்ஸில் 2018-ல் எரிபொருள் வரி மஞ்சள் அங்கிப் போராட்டக்காரர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. 2019-ல் ஈக்வடோரில் மானியத்தை எடுத்ததும் தலைநகரமே கொந்தளித்தது. 2022 ஜனவரியில் கஜகஸ்தானில் வாகன எரிவாயு விலை ஏறியதில் தொடங்கிய போராட்டம், ரஷ்யத் தலைமையிலான படை வந்து இறங்கும் வரை போனது. பதவியில் இருக்கும் ஒரு தலைவருக்கு 2050-ல் வரும் வெப்பத்தைவிட அடுத்த மாதம் வரும் பெட்ரோல் விலைதான் பெரிய ஆபத்து. இதை வைத்து அவரைத் திட்டலாம். ஆனால் அவர் இடத்தில் யார் உட்கார்ந்தாலும் இதே கணக்கைத்தான் போடுவார்.

இனி இரண்டாவது பாதி. பாகிஸ்தான் கதை 2022-ல் முடியவில்லை. வாயுவும் கிடைக்காமல், மின்கட்டணமும் ஏறிக்கொண்டே போனதும், மக்களும் ஆலைகளும் சீனாவிலிருந்து சோலார் பேனல்களை வாங்கிக் குவித்தார்கள். 2024-ல் மட்டும் சுமார் 17 கிகாவாட். அந்த நாட்டின் மொத்த மின் உற்பத்தித் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு ஈடான அளவு இது. காலநிலை மாநாட்டு வாக்குறுதி எதுவும் இதற்குக் காரணமில்லை. ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டிருந்த திரவ எரிவாயுவே வேண்டாம், தள்ளிப்போடுங்கள் என்று 2025-ல் கத்தாரிடம் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது. பேனல் வாங்க வசதியில்லாதவர்கள் மேல் பழைய மின்நிலையங்களின் கடன் சுமை விழுகிறது என்ற கசப்பும் இதில் உண்டு. எத்தியோப்பியா 2024-ல் பெட்ரோல், டீசல் கார் இறக்குமதியையே நிறுத்தியது. அதற்கும் முக்கியக் காரணம் அந்நியச் செலாவணிதான்.

சீனாவின் காரணமும் இதே வகைதான். அதன் கச்சா எண்ணெய்த் தேவையில் 70 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. பெரும்பகுதி மலாக்கா நீரிணை வழியாக வருகிறது. சண்டை வந்தால் அமெரிக்கக் கடற்படை அந்த வாயிலை அடைத்துவிடும் என்ற கவலை பெய்ஜிங்குக்கு 20 வருடங்களாக உண்டு. இன்று அங்கே விற்கும் புதிய கார்களில் ஏறக்குறைய பாதி மின்சாரம் ஏற்றி ஓட்டுபவை. நிலக்கரி நிலையங்களையும் நிறுத்தாமல் கட்டுகிறது, ஏனென்றால் நிலக்கரி சொந்த மண்ணில் இருக்கிறது. காலநிலைக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் இந்த இரண்டும் முரண். பாதுகாப்புக் கண்ணாடி போட்டால் இரண்டும் ஒன்றே.

அப்படியென்றால் எண்ணெய்க்குப் பதில் சீனாவிடம் மாட்டிக்கொள்கிறோமா என்று கேட்பீர்கள். நல்ல கேள்விதான். சோலார் பேனல் உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்திலும் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவில் நடக்கிறது. அரிய மண் தனிமங்களைச் சுத்திகரிப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் அதன் கையில். 2025 ஏப்ரலில் அமெரிக்க வரிக்குப் பதிலாக அவற்றில் 7 தனிமங்களுக்கு ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்றதும், அவற்றால் செய்யும் காந்தம் கிடைக்காமல் வேறு நாடுகளில் சில வாகன ஆலைகள் உற்பத்தியை நிறுத்தின. ஆனால் இது எண்ணெய்த் தடைக்கு நிகரானது இல்லை. எண்ணெய் வராவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி சில வாரங்களில் நிற்கும். பேனல் வராவிட்டால் புதிதாக மாட்ட முடியாது, அவ்வளவுதான். ஏற்கெனவே கூரையில் இருப்பது இன்னும் 25 வருடம் மின்சாரம் கொடுக்கும். ஒன்று தினசரிச் சாப்பாடு, மற்றொன்று பாத்திரம். பாத்திரக்காரர் கடையை மூடினாலும் அன்றிரவு யாரும் பட்டினி கிடப்பதில்லை.

சிக்கல் இடைக்காலத்தில் இருக்கிறது. எண்ணெய்த் தேவை குறையத் தொடங்கினால் எல்லாக் கிணறும் ஒன்றாக மூடாது. எடுக்க அதிகச் செலவாகும் ஆழ்கடல் கிணறுகளும் கனடாவின் எண்ணெய் மணலும் முதலில் நசுங்கும். ஒரு பீப்பாயை 10 டாலருக்கும் குறைவாக எடுக்கும் சவுதி அரேபியா போன்றவை கடைசிவரை நிற்கும். அதாவது, உலகம் எண்ணெயை விட விட, மிச்சமிருக்கும் சந்தையில் வளைகுடாவின் பிடி தளராது, இறுகும். 2024-ல் உலகம் பயன்படுத்திய எண்ணெயில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு வளைகுடாவின் ஹோர்முஸ் நீரிணை என்ற ஒரே வாயில் வழியாகப் போனது. அந்தப் பங்கு குறைவதற்கு முன்னால் கூடக்கூடும்.

வெப்பம் நேரடியாக அரசியலைப் புரட்டுவதும் உண்டு. 2010-ல் கடும் வெயிலில் பயிர் கருகியதால் ரஷ்யா தானிய ஏற்றுமதியைத் தடைசெய்தது. கோதுமை விலை ஏறியது. சில மாதங்களில் அரபு நாடுகள் கொந்தளித்தன. ஆனால் அந்தப் புரட்சிகளை 'காலநிலைப் புரட்சி' என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பல வருடச் சர்வாதிகாரத்தின் கணக்கை வானிலை மேல் எழுதிவிட்டால் சர்வாதிகாரிகளுக்கு வசதியாகப் போய்விடும்.

பசிபிக் தீவு நாடான துவாலுவின் கேள்வி வேறு மாதிரி. அதன் நிலப்பரப்பு 26 சதுர கி.மீ. மட்டும். சுற்றியுள்ள கடலில் மீன்பிடி உரிமை உள்ள பரப்போ 7 லட்சம் சதுர கி.மீ.க்கு மேல். நிலம் மூழ்கினால் அந்தக் கடல் யாருக்கு? நிலம் போனாலும் நாடு தொடரும் என்று 2023-ல் அது தன் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தது. 2025 ஜூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றம் வழங்கிய ஆலோசனைக் கருத்தும் அதை ஒட்டியே பேசியது. பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் தொடங்கி, வனுவாட்டு அரசு ஐ.நா. வரை கொண்டுபோன முயற்சி அது. அந்த ஆலோசனைக் கருத்தில் இன்னொரு வரியும் உண்டு: புதைபடிவ எரிபொருள் உற்பத்தி, புதிய உரிமங்கள், மானியம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தாமல் விடுவது சர்வதேசச் சட்டப்படி தவறான செயலாகக்கூடும். கட்டுப்படுத்தும் தீர்ப்பு இல்லைதான். ஆனால் மாநாடுகள் 30 வருடம் சுற்றிப்போன கிணற்றை ஒரு நீதிமன்றம் தொட்டிருக்கிறது.

கிணற்றைத் தொட்டால் உடனே வரும் பெயர் ஈராக். அரசு வருவாயில் சுமார் 90 சதவீதம் எண்ணெயிலிருந்து வரும் நாடு, மக்கள்தொகை 4.6 கோடி. ஆசிரியர், காவலர், ஓய்வூதியக்காரர் எல்லோருக்கும் சம்பளம் அந்தப் பணத்தில்தான். நார்வேயிடம் 1.5 லட்சம் கோடி டாலருக்கு மேல் சேமிப்பு நிதி இருக்கிறது, நாளைக்கே கிணற்றை மூடினாலும் சமாளிக்கும். அதேகூட இன்னும் மூடவில்லை. ஈராக்கிடம் அப்படி எதுவும் கிடையாது. எண்ணெயை எடுக்காதே என்று அதனிடம் சொல்லும் நாள் வந்தால், அந்த மாதச் சம்பளத்தை யார் கொடுப்பது என்ற கேள்விக்கு பாகுவில் முடிவான 30,000 கோடியிலும் பதில் இல்லை.